விசில் கேட்கிற தூரத்தில்

இருபத்துமூன்று வயதுப் பையனுக்கு எது கிடைத்தால் தலைகால் புரியாமல் போகும் என்று கேட்டால், யாரும் பிரஷர் குக்கர் என்று சொல்லமாட்டார்கள். எனக்கும் என் அறையில் இருந்த இரண்டு பேருக்கும் அதுதான் கிடைத்தது. தலைகால் புரியாமலும் போயிற்று. எழுபதுகளின் பின்பாதி, கரோல் பாக், தீபாவளிக்கு முந்தைய மாலை. அன்று பட்ட சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் முகத்தில் சிரிப்பு வருகிறது. வந்தவுடன், யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்கிறேன்.

அறை என்று சொன்னது ஒரு மரியாதைக்காக. மொட்டைமாடி ஓரத்தில் நாலு சுவர் எழுப்பி, மேலே தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் கலந்து போட்டு, அதற்கு மழையை வைத்து 'பர்சாத்தி' என்று கவித்துவமாக ஒரு பெயரும் வைத்து வாடகைக்கு விடுவது டில்லி வழக்கம். வெயில் காலத்தில் நாங்கள் அதில் வெந்தோம், குளிர் காலத்தில் விறைத்தோம். ஒருவன் திருநெல்வேலிக்காரன், எதையும் வெடிக்கும் பொருளாகப் பார்க்கிறவன். இன்னொருவன் கோயமுத்தூர்க்காரன், எதையும் கழற்றி மாட்டிப் பார்க்கிறவன். நான் தஞ்சாவூர்ப் பக்கம். எதையும் செய்யாமல் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவன். மூன்று பேரும் மத்திய அரசாங்கத்தில் குமாஸ்தாக்கள். ஒருவருக்கும் வெந்நீர் வைக்கத் தெரியாது.

சாப்பாடெல்லாம் எதிர்வீட்டுக் கீழ்த்தளத்தில் இருந்த மெஸ்ஸில். ஒரு மாமாவும் மாமியும் நடத்தினார்கள். அடுப்பு முழுவதும் மாமி வசம். மாமாவின் வசம் பரிமாறுவதும், வருகிறவர்களிடம் அரசியல் பேசுவதும், வராதவர்களைப் பற்றிக் கவலைப்படுவதும் இருந்தன. அந்தச் சமையலறையின் தெருப்பக்க ஜன்னல் எங்கள் மொட்டைமாடியைப் பார்த்துத் திறந்திருக்கும். இதை வாசகர் மறக்காமல் இருந்தால் நல்லது. நாங்கள் மறந்ததால்தான் எல்லாம்.

அந்த வருஷம் மெஸ்ஸில் கூட்டம் குறையத் தொடங்கியிருந்தது. சிலருக்கு ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது, சிலருக்குக் கல்யாணம் ஆயிற்று, துரதிர்ஷ்டசாலிகள் சிலருக்கு இரண்டும் ஒன்றாகவே நடந்தன. ஒருநாள் ரசம் ஊற்றிக்கொண்டே மாமா சொன்னார்:

"இன்னும் நாலு எலை கொறைஞ்சா மூட்டையைக் கட்டிட வேண்டியதுதான். பம்பாய்ல பையன் கூப்பிட்டுண்டே இருக்கான்."

"நல்லதுதானே மாமா. ஓய்வா இருக்கலாம்" என்றேன். புத்திசாலித்தனமாகப் பேசுவதாக நினைப்பு.

உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது. "ஓய்வு இவருக்கு. எனக்கு அங்க அடுப்பேது? அது மருமகளோட சமையக்கட்டு. நான் கூடத்துல உக்காந்து காய் நறுக்கிக் குடுக்கலாம். அதுவும் அவ சொல்ற சைஸ்ல."

எல்லோரும் சிரித்தோம். மாமி சிரித்தது போலத் தெரியவில்லை.

மெஸ்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமை இரவு விடுமுறை. அன்று இரவு நாங்கள் சாப்பிட்டதை உணவு என்று சொல்ல முடியாது. ரொட்டி, வாழைப்பழம், கோபம் வந்தால் பிஸ்கட். இது மாமியின் மனதை அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை, அலுவலகம் விட்டு வந்தவர்களை ஜன்னல் வழியாகக் கைதட்டிக் கூப்பிட்டாள். கையில் ஒரு அட்டைப் பெட்டி.

"பம்பாய்லேர்ந்து பையன் தீபாவளிக்குன்னு அனுப்பியிருக்கான். மூணு லிட்டர். நாப்பது பேருக்கு வடிக்கிற அடுப்புல இதை எங்க வெக்கறது? காக்காய்க்கு வேணா சமைக்கலாம். நீங்க வெச்சுக்கோங்கோ. ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு பருப்பு சாதம் பண்ணிக்கலாமோல்லியோ?"

"ஐயோ மாமி, வேண்டாம்" என்றோம் மூவரும். அதற்குள் கோயமுத்தூரின் இரண்டு கைகளும் பெட்டியைப் பற்றியிருந்தன.

மாடிப்படியில் வீட்டுக்காரப் பஞ்சாபி அம்மாள் எங்களை மறித்துப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். தீபாவளி நேரத்தில் வீட்டுக்குப் புதுப் பாத்திரம் வந்தால் லட்சுமியே வந்த மாதிரி, ஆனால் காலியாக உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றாள். உள்ளே போய் ஒரு பிடி அரிசியும் நாலு பத்தாசாச் சர்க்கரை வில்லையும் கொண்டுவந்து குக்கருக்குள் போட்டாள். "முபாரக் ஹோ பேட்டா, அப் ஷாதி பீ கர் லோ" என்று ஆசீர்வதித்தாள். அடுத்தது கல்யாணம்தானாம். குக்கர் கிடைத்த கர்வத்தில் அன்று எங்களுக்குக் கல்யாணம் தேவைப்படவில்லை.

மேலே கொண்டுபோய் டிரங்குப் பெட்டியின் மேல் துண்டு விரித்து அதை வைத்தோம். மூவரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். கோயமுத்தூர் கூடவே வந்திருந்த ஆங்கிலப் புத்தகத்தை வேதம் போல ஒருவரி விடாமல் படித்தான்.

"மூடியை இப்படித் திருப்பிப் போடோணும். கேஸ்கட் சரியா உக்காரோணும். நீராவி வந்தப்புறந்தான் வெயிட்டைப் போடோணும். ஏப்பா, இங்க கேளு, இது எஞ்சின்ப்பா!"

"எஞ்சின்னா வெடிக்கும்லா?" என்றான் திருநெல்வேலி. "ஏல, அதைக் கொஞ்சம் அங்கிட்டு வை. என் தலகாணிப் பக்கத்துல ஏன் வைக்க?"

முதல் ஞாயிற்றுக்கிழமை திரி ஸ்டவ்வில் அதை ஏற்றினோம். திருநெல்வேலி மாடியின் அந்தக் கோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். உஸ் என்று ஒரு முனகல் வந்தது. பிறகு வெயிட் ஆடியது. பிறகு விசில். வாழ்க்கையில் நான் எத்தனையோ சங்கீதம் கேட்டிருக்கிறேன். உட்கார்ந்து தூங்கியும் இருக்கிறேன். அந்த விசிலுக்கு உடம்பு சிலிர்த்தது. நாங்களே செய்தது அல்லவா! திறந்தால் உள்ளே பருப்பும் சாதமும் ஒன்றையொன்று அடையாளம் தெரியாதபடி கலந்து கிடந்தன. நெய் ஊற்றிச் சாப்பிட்டோம். கோயமுத்தூர் கண்ணை மூடிக்கொண்டு, "மெஸ்ஸுல கூட இப்படி வர்றதில்லீங்க" என்றான். சத்தியமாக அது பொய். ஆனால் மூவரும் நம்பினோம். விபரீதம் அங்கேதான் ஆரம்பித்தது.

அடுத்த வாரம் சனிக்கிழமை இரவும் சமைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திகை என்று காரணம் சொல்லிக்கொண்டோம். அப்புறம் வெள்ளிக்கிழமை, வெங்காயம் சீக்கிரம் கெட்டுவிடுமே என்பதற்காக. குக்கர் வந்தால் அது தனியாக வருவதில்லை. அலுவலகத்தில் ஒருவர் புதுவருஷத்துக்கென்று எவர்சில்வர் அஞ்சறைப்பெட்டி கொடுத்தார். திருநெல்வேலியின் அக்கா அந்தப் பக்கமாக வந்த யாரிடமோ ஒரு மத்து கொடுத்தனுப்பினாள். நாங்கள் ஒவ்வொன்றையும் துடைத்து, அடுக்கி, தூர நின்று பார்த்தோம். எங்கள் வயதுக்காரர்கள் அந்த நேரத்தில் கனாட் பிளேஸில் பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று பின்னால் தெரியவந்தது. நாங்கள் மத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மெஸ்ஸுக்குப் போகாததற்குக் காரணம் சொல்ல வேண்டுமே? திருநெல்வேலி ஓவர்டைம் என்றான். கோயமுத்தூர் ஆபீஸ் சினேகிதன் வீட்டில் விருந்து என்றான். எனக்குக் கற்பனை வளம் போதவில்லை, வயிறு சரியில்லை என்றேன். அன்று மாலையே மாமா ஒரு டம்ளர் சுக்குக் கஷாயத்தோடு தெருவைக் கடந்து வந்து, நான் குடித்து முடிக்கும்வரை கீழ்வாசலில் நின்றார். மாடியில் எலுமிச்சம்பழ சாதம் எனக்காகக் காத்திருந்தது. கஷாயத்தைவிட அது காரமாக இறங்கிற்று.

அப்போதுதான் விசில் ஒரு பிரச்சினை என்பது உறைத்தது. ஒருநாள் மாடிச்சுவர் ஓரம் நின்று எட்டிப் பார்த்தேன். கீழே மாமியின் ஜன்னல். உள்ளே மாமி உட்கார்ந்து அரிவாள்மணையில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் குக்கர் என் முதுகுக்குப் பின்னால் கூவியது. மாமியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி நறுக்கத் தொடங்கியது. நான் குனிந்துகொண்டேன். மத்திய அரசாங்கத்தின் நிரந்தரப் பணியாளன், மொட்டைமாடிச் சுவருக்குப் பின்னால் தவழ்ந்து போகிறேன்.

"கேட்டிருப்பாவளோ?" என்றான் திருநெல்வேலி.

"கரோல் பாக் முழுக்கக் கேட்டிருக்கும்" என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் சமையலின் பெரும்பகுதி சத்தத்தை மறைக்கும் கலையாகிவிட்டது. ஈரத்துண்டைச் சுற்றிப் பார்த்தோம், துண்டு வெந்தது. விசில் வரும் தருணத்தில் வெயிட்டைக் கரண்டியால் தூக்கிப் பிடித்தோம். விசிலுக்குப் பதில் ஒரு பெருமூச்சு வந்தது, குற்றம் சாட்டுகிற மாதிரியான பெருமூச்சு. கீழ்வீட்டு டெலிவிஷனில் புதன்கிழமை சினிமாப் பாட்டுப் போடும்போது குக்கரை ஏற்றினோம். அதனால் புதன்கிழமைகளில் மட்டும் சாம்பார் தைரியமாக இருந்தது. பஞ்சாபிக் கல்யாண ஊர்வலம் பாண்டு வாத்தியத்தோடு தெருவில் வந்தால், "ஜல்தி, ஜல்தி! பருப்பைப் போடு!" என்று பறந்தோம். அந்தக் குளிர்காலத்தில் கரோல் பாகில் கல்யாணம் செய்துகொண்ட தம்பதிகளை எங்கள் அளவுக்கு வாழ்த்தியவர்கள் யாரும் இருக்க முடியாது.

பஸ் நிறுத்தத்துக்கு மெஸ் வாசல் வழியாகப் போவதை விட்டுப் பின்சந்து வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கினோம். அந்தச் சந்தில் ஒரு சாக்கடையும் எருமைமாடும் உண்டு. எருமை என்னைப் பார்த்த பார்வையைக் கூட நான் சந்திக்கவில்லை. மலிவு விலையில் கிடைத்த தடித்த ருஷ்ய நாவல்களை அப்போது நான் நிறையப் படித்துக்கொண்டிருந்தேன். அவற்றில் குற்ற உணர்ச்சியால் பைத்தியம் பிடிக்கிறவர்கள் குறைந்தபட்சம் ஒரு கொலையாவது செய்திருப்பார்கள். நான் புளியோதரைதான் செய்திருந்தேன்.

ஒரு நியாயம் சொல்ல வேண்டும்: மெஸ்ஸை நாங்கள் விட்டுவிடவில்லை. வாரத்தில் மூன்று நாளாவது போவோம். போகிற அன்று வழக்கத்தைவிட அதிகமாகப் புகழ்ந்து, மறுசோறு வாங்கி, இலையில் பருக்கை மிச்சமில்லாமல் வழித்துச் சாப்பிடுவோம். இதைப் பார்த்து மாமா, "பாவம், பட்டினி கிடக்கறதுகள் போலிருக்கு" என்று இன்னும் ஒரு கரண்டி போடுவார். நாங்கள் நிமிரமாட்டோம். பக்கத்து இலைகள் ஒன்றிரண்டு காலியாக இருந்தன. அவை எங்களுடையவை அல்ல என்று சொல்லிக்கொள்வேன். எங்களுடைய இலைகளில் நாங்கள் இப்போதைக்கு உட்கார்ந்திருந்தோமே.

பொங்கல் கழிந்த பிறகு ஒரு வாரம் டில்லியில் எலும்பு நடுங்கும் குளிர். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வரவில்லை. ஸ்டவ்வும் குக்கரும் உறங்கின. மெஸ்ஸுக்குப் போகலாம்தான். ஆனால் அந்த வாரம் நாங்கள் மூவரும் ஆக்ராவுக்குப் போயிருப்பதாக ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தோம். தாஜ்மகாலில் இருக்க வேண்டியவர்கள், ரஜாய்ப் போர்வையைத் தலை வரை போர்த்திக்கொண்டு ரொட்டியும் வாழைப்பழமும் தின்றோம். விளக்குப் போடவும் பயம்.

இரண்டாம் நாள் மாலை படியில் மூச்சிரைப்புச் சத்தம் கேட்டது. கதவு தட்டப்பட்டது.

"ஏல, தெறக்காதல" என்று கிசுகிசுத்தான் திருநெல்வேலி.

கோயமுத்தூர் திறந்துவிட்டான். அவன் நல்லவன், அது ஒரு பலவீனம்.

மாமா நின்றார். கையில் ஒரு தூக்கு. மங்கி குல்லாவுக்குள் முகம் சிவந்திருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு, "ரெண்டு நாளா விசில் கேக்கலைடா" என்றார். "மாமிக்கு இருப்புக் கொள்ளலை. மூணு பேரும் ஜுரத்துல கெடக்கறாளோ என்னமோ, போய்ப் பாத்துட்டு வாங்கோன்னா. ஆக்ரான்னு சொன்னாளேன்னேன். அதெல்லாம் இல்லை, மூணு பேர் செருப்பும் மாடிப்படியில கெடக்குன்னா. ஜன்னல் வழியாத் தெரியறதாம். ரசம் சாதம். சூடா இருக்கு, சாப்பிடுங்கோ."

நாங்கள் சொல்ல வேண்டியதெல்லாம் ரொட்டித் துணுக்குகளாகப் படுக்கையில் கிடந்தது.

"மாமி தினமும் கேப்பாளா மாமா?" என்றேன் கடைசியில்.

"கேக்காம? விசில் வந்தா, 'சரி, இதுகள் சாப்பிட்டுடும்'னுட்டு அடுப்பை அணைப்பா. இல்லேன்னா நாழி கழிச்சுக்கூட மூணு பேருக்கு எடுத்து வெச்சுண்டு உக்காந்திருப்பா. துணியைப் போட்டு அமுக்கினேளே, அன்னிக்கெல்லாம் என்னைத் திட்டித் தீர்த்துட்டா, காதுல விழலைன்னு."

நாங்கள் யாரிடமிருந்து மறைக்கிறோம் என்று நினைத்து மறைத்தோமோ, அவள் அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். கல்யாண ஊர்வலங்கள் போன இரவுகளில் எங்களுக்காக எத்தனை சாதம் ஆறிப்போயிருக்குமோ? அந்த ரசம் சாதத்தை நாங்கள் சாப்பிட்டோம். மிளகு தூக்கலாக இருந்தது, கண்ணில் நீர் வருவதற்கு ஒரு சாக்கு கிடைத்தது.

மறுநாள் முதல் மூன்று வேளையும் மெஸ். குக்கரைத் துணியில் கட்டிப் பரண் மேல் வைத்தோம். தவம் செய்கிறவர்களைப் போல் நேரத்துக்குப் போய் உட்கார்ந்தோம். மாமி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னடா, குக்கர் கெட்டுப் போயிடுத்தா?" என்று மட்டும் கேட்டாள். "இல்லை மாமி, உங்க கைமணம் வரலை" என்றான் கோயமுத்தூர். "நல்லா ஐஸ் வெக்கறே" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் கணக்கு முடிந்திருக்கும். திட்டத் தெரியாதவர்கள் நம்மை வட்டி கட்ட வைக்கிறார்கள்.

ஆனால் மூன்று இலைகள் திரும்பிவந்தால் ஒரு பந்தி நிரம்பிவிடாது. வெயில் தொடங்கும் நேரத்தில் இன்னும் பலர் போய்விட்டார்கள். ஒருநாள் மாமா பேப்பரை மடித்துக்கொண்டே, பம்பாய்க்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றார். "எங்களாலதான்" என்று நான் தொடங்கினேன். "போடா அசட்டு! நீ என்ன மெஸ்ஸைத் தாங்கற தூணா?" என்றார். அதில் ஆறுதல் இருந்தது, அவமானமும் இருந்தது. தூணாக இல்லாவிட்டாலும் நான் ஒரு செங்கல்லாவது இருந்திருப்பேன். உருவப்பட்ட செங்கல்.

மெஸ் சாமான்கள் கடைசி ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் பரத்தப்பட்டன. பழைய வாடிக்கையாளர்கள் வந்து ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று மாமி சொல்லியிருந்தாள். அண்டா, குண்டான், ஜல்லிக்கரண்டி, வடிதட்டு. துக்க வீட்டுக்குப் போகிற முகத்தோடு நாங்கள் போனோம். மாமி எங்களைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஒண்ணு கேட்டா தப்பா நெனைச்சுக்கப்படாது."

"கேளுங்க மாமி."

"அந்தக் குக்கர். திருப்பித் தருவேளா? அங்க மருமக அடுப்புல அவ பண்ணட்டும், நான் ஒண்ணும் சொல்லலை. ஒரு ஓரத்துல எனக்கும் இவருக்கும் மட்டும் ஒரு பிடி வெச்சுக்கறதுக்கு எனக்குன்னு ஒரு பாத்திரம் வேணும். பெரிசெல்லாம் அங்க கொண்டுபோக முடியாது. இது கச்சிதமா இருக்கும்."

எதையும் யாரிடமும் கேட்டு நான் பார்த்திராத மாமி கேட்கிறாள். என் மனதில் முதலில் எழுந்தது கருணை என்று எழுத ஆசையாக இருக்கிறது. முதலில் எழுந்தது, 'ஐயோ, அப்படியானால் இனி நமக்குச் சாதம்?' என்பதுதான். மெஸ்ஸும் இல்லை, குக்கரும் இல்லை. அந்த நினைப்பு அரை நொடி இருந்திருக்கும். முகத்தில் தெரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நல்லவேளையாகத் திருநெல்வேலி முந்திக்கொண்டான். "உங்க பொருளு மாமி, இன்னா கொண்டாரேன்" என்று மாடிக்கு ஓடினான். அவன்தான், வெடித்துவிடும் என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தவன். கோயமுத்தூர் கடைவீதிக்குப் போய்ப் புதுக் கேஸ்கட் வாங்கிவந்தான். எலுமிச்சந்தோலைப் போட்டுக் கொதிக்கவைத்து உள்ளே இருந்த கருப்பை எடுத்தோம். கரண்டியால் தூக்கித் தூக்கி வெயிட்டின் ஓரம் நசுங்கியிருந்தது, அதை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. வீட்டுக்காரப் பஞ்சாபி அம்மாள், காலியாகத் தரக்கூடாது என்று மறுபடி ஒரு பிடி அரிசி போட்டாள்.

மாமி வாங்கிக்கொண்டாள். நசுங்கிய வெயிட்டை விரலால் தடவிப் பார்த்தாள். காரணம் கேட்கவில்லை.

"விசில் ஒழுங்கா வரதோ?"

"அதுல ஒரு குறையும் இல்லை மாமி. ஊருக்கே கேக்கும்" என்றேன்.

"எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு மூடியைப் பொருத்திக்கொண்டே, "அங்க அவளுக்கும் கேக்கட்டும்" என்றாள்.

அதோடு எங்களை விட்டிருக்கலாம். விடவில்லை. "நீங்க ஒண்ணும் எடுத்துக்கலையே" என்று முற்றத்தைக் காட்டினாள். நான் மறுத்துவிடுவது என்று தீர்மானித்துத்தான் திரும்பினேன். சுவரோரம் தோசைக்கல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வருஷக்கணக்கில் எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்து மினுமினுத்தது. ஒரே நேரத்தில் நாலைந்து தோசை வார்க்கும் கல். எங்கள் மூன்று பேருடைய கைகளும் ஒன்றாக அதை நோக்கி நீண்டன. தீபாவளிக்கு முந்தைய மாலையில் அட்டைப் பெட்டியை நோக்கி நீண்டது போலவே. மனசு குதித்தது, வெட்கமில்லாமல்.

கல்லை மாடிக்குத் தூக்கிப்போக மூன்று பேர் தேவைப்பட்டார்கள். ஸ்டவ்வில் வைத்தால் ஸ்டவ் கண்ணுக்குத் தெரியவில்லை. மாமாவும் மாமியும் ரயிலேறிய மாலை, மாவு வாங்கிவந்து முதல் தோசை வார்த்தோம். தீ நடுவில் மட்டும்தான் எட்டியது. நடுவே கருகி, சுற்றிலும் வெள்ளையாக, வேகாமல் கிடந்தது தோசை. திருநெல்வேலி அதை மூன்றாகக் கிழித்தான். எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னல் சாத்தியிருந்தது. ஒருவரும் குறை சொல்லாமல், கருகியதையும் வேகாததையும் சேர்த்தே தின்றோம்.